ஐஸ்லாந்துக்கு ஒருநாள் விடுப்பு

மனிதர்களுக்கு உரிமைகள் உண்டு என்ற செய்தி திருச்சிராப்பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது, அதை வைக்க வேறு இடம் கிடைக்காமல், தெப்பக்குளத்தருகே ஜெகபர் அலியின் ஜவுளிக்கடை மாடியில் வைத்தார்கள். கீழே வேட்டி, துண்டு. மேலே மனித உரிமை. பலகையில் ‘அனைத்துலக மனித உரிமை மற்றும் மாணவர் ராஜதந்திரப் பயிற்சிக் கழகம், திருச்சிராப்பள்ளி-ஸ்ரீரங்கம் கிளை’ என்று எழுதத் தொடங்கிய பெயிண்டர், ‘கிளை’ என்ற சொல்லுக்கு இடம் போதாமல் அதை மாடிப்படிச் சுவரில் எழுதிவிட்டுப் போனார்.

ஸ்ரீரங்கத்தைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. தலைவர் சடகோபாச்சாரியார் உத்தர வீதிக்காரர், ஓய்வு பெற்ற டிப்டி கலெக்டர். காவிரியைத் தாண்டி வந்து தலைமை தாங்குகிறவரைத் திருச்சிராப்பள்ளிக்குள் அடக்கிவிடுவது இறையாண்மைக்கு இழுக்கு என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

தலைவர் கௌரவத் தலைவர். செயலாளர் பாக்கியநாதன், கல்லூரியில் சரித்திரம் போதிப்பவர், கௌரவச் செயலாளர். ஜெகபர் அலி கௌரவப் பொருளாளர். சம்பளம் வாங்கும் குற்றத்தைச் செய்தவர் ஒருவர்தான். பியூன் வீரமலை. வயது நாற்பத்தாறு, சொந்த ஊர் தொட்டியம். அறையைத் திறப்பது, மணி அடிப்பது, நாற்காலி போடுவது, காபி வாங்கி வருவது, எல்லாரும் உலகத்தைச் சீர்திருத்தி முடித்த பிறகு விளக்கை அணைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. உட்காருவதற்கு வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் ஒரு கால் குட்டை.

அறையின் சுவரில் முப்பது உரிமைகளும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. தலைவரே ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து தமிழாக்கியவை. ‘சர்வ ஜனங்களும் ஸ்வதந்திரமாகவே ஜனிக்கிறார்கள்’ என்று ஆரம்பிக்கும். தினமும் காலையில் வீரமலை அதைத் துடைப்பார். சட்டத்துக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. அது அசுத்தம் செய்வது எப்போதும் இருபத்து நாலாவது உரிமையின் மேல். அதை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்ததால், அந்த ஒன்று அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ‘சகலருக்கும் இளைப்பாறவும், வேதனத்துடன் கூடிய விடுமுறை பெறவும் பாத்தியதை உண்டு.’

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது டிசம்பர் முதல் வாரத்தில் வீரமலை தலையைச் சொறிந்துகொண்டு செயலாளர் முன்னால் போய் நின்றார்.

“பத்தாம் தேதி ஒருநாள் லீவு வேணுங்க.”

பாக்கியநாதன் தம் கழுத்து டையைச் சரிசெய்துகொண்டார். யோசிக்கும்போதெல்லாம் அதைத்தான் செய்வார்.

“பத்தாம் தேதியா? அன்னிக்கு மனித உரிமை தினம்ப்பா. அன்னிக்குப் போய் லீவு கேக்கறியே!”

“தங்கச்சி மக வள்ளிக்கண்ணுக்குக் கல்யாணமுங்க, தொட்டியத்துல. ஒரே தாய்மாமன் நாந்தான். நான் மாலையைப் போட்டு, கையைப் புடிச்சு மணையில உட்கார வெச்சாத்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும்.”

“வேற நாள் பார்க்கச் சொல்லேன்.”

“அதை விட்டா மார்கழி பொறந்துடுங்க.”

தலைவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வீரமலை துணிச்சலை வரவழைத்துக்கொண்டு சுவரைக் காட்டினார்.

“அதுல இருபத்து நாலாவதுல போட்டிருக்குதுங்களே…”

“அபசாரம், அபசாரம்!” என்றார் தலைவர். “அது லோகத்துக்காக எழுதினதப்பா.”

“நானும் லோகத்துலதானுங்களே இருக்கேன்?”

“நீ தெப்பக்குளத்துல இருக்கே.”

விவாதம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் பாக்கியநாதன் நியாயஸ்தர். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, பக்கத்தைக் கண்டுபிடித்து, வருத்தத்தோடு படித்துச் சொன்னார். தனி மனிதர்களின் குறைகளை விசாரிக்க மனித உரிமைக் கழகத்துக்கு அதிகாரம் கிடையாது. உறுப்பு நாடுகள் எழுப்பும் விஷயங்களை மட்டுமே பரிசீலிக்கலாம்.

“அப்ப மனுசங்க கேக்கக் கூடாதுங்களா?”

“நாடு கேக்கலாம்.”

இருந்தாலும் பாக்கியநாதன் மனம் கேட்கவில்லை. ராஜாக்களே பிற நாட்டுக் கல்யாணங்களுக்குப் பிரதிநிதியைத்தான் அனுப்புகிறார்கள் என்று விளக்கி, அப்போதே ஒரு கடிதம் டைப் அடித்துக் கொடுத்தார். ‘இக்கடிதம் கொண்டு வருவோரைத் தாய்மாமன் ஸ்தானத்தில் பாவித்து, அப்பதவிக்குரிய சகல மரியாதைகளையும் சலுகைகளையும் வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ கீழே உலக உருண்டை போட்ட வட்ட முத்திரை. வீரமலை அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காபி வாங்கப் போனார்.

பத்தாம் தேதி நடக்கவிருந்தது மாணவர் மாதிரி உலக சபை. வாடகைக்குக் கிடைத்த கைவைத்த நாற்காலிகள் பதினெட்டு. ஆகவே உலகத்தில் நாடுகள் பதினெட்டு. கல்லூரி மாணவ மாணவிகள் சீட்டுக் குலுக்கி நாடுகளை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கா கிடைத்தவன் அன்றைக்கே கறுப்புக் கண்ணாடி வாங்கினான். ரஷ்யா கிடைத்த ஸ்ரீரங்கத்துப் பையன், அமெரிக்கா உட்கார்ந்த பெஞ்சில் உட்கார மறுத்து, கல்லூரியில் சரித்திர வகுப்பை ஒரு வாரம் நின்றுகொண்டே கேட்டான். ஊரெங்கும் ராஜதந்திரம் பரவியது. வீட்டில் இட்லி கல்லாக இருந்தால், “இது குறித்து எனது அரசு ஆழ்ந்த கவலை கொள்கிறது” என்றார்கள் பிள்ளைகள். தாய்மார்கள் கரண்டியைக் காட்டியதும் எல்லா அரசுகளும் கவலையை வாபஸ் பெற்றன.

ஒன்பதாம் தேதி மாலை ஒத்திகை. எல்லாரும் வந்துவிட்டார்கள். ஐஸ்லாந்து மட்டும் வரவில்லை. ஐஸ்லாந்துக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் வீங்கி வீட்டில் படுத்திருந்தான்.

“ஒரு நாடு காலியா இருந்தா சபை கூடாதே” என்று பாக்கியநாதன் டையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது எழுந்தவள் ஆரிஃபா. பி.ஏ. மாணவி, சபையில் ஸ்வீடன். வீரமலையின் கல்யாண விஷயம் முழுவதும் அவளுக்குத் தெரியும். மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் ஸ்டூலருகே நின்று இரண்டு வார்த்தை பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

“சார், வீரமலை அண்ணனை ஐஸ்லாந்தாக்கிடலாமே! நாடுதானே குறையைச் சொல்லலாம்? அவங்க நாடாயிட்டா சொல்லலாமில்ல?”

செயலாளர் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். பியூன் ஒருவர் ஐஸ்லாந்தாக இருக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

“எனக்குப் பேச வராதும்மா” என்றார் வீரமலை.

“இவங்கள்லாம் பேசறாங்களே, இவங்களுக்கு வருதாக்கும்? உட்காருங்க அண்ணே.”

வீரமலை உட்கார்ந்தார். அந்த நாற்காலியை அவர் எத்தனையோ தரம் தூக்கியிருக்கிறார். உட்கார்ந்தால் இரண்டு கைகளுக்கும் இடம் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிரே ‘ஐஸ்லாந்து’ என்று அட்டை வைத்தார்கள். யாரோ ஒரு பையன் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தான்.

“தலைவர் அவர்களே” என்று ஆரம்பித்து, ஆரிஃபா எழுதிக் கொடுத்ததைப் படித்தார். “எங்கள் நாட்டில் உழைக்கும் ஒருவருக்குப் பத்தாம் தேதி ஒருநாள் விடுப்பு வேண்டும்.” பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொந்தமாகப் பேசினார். “அப்பன் இல்லாத பொண்ணுங்க. நான் போகாட்டி யாருங்க அதை மணையில உட்கார வெப்பாங்க?”

அமெரிக்கா கொள்கையளவில் ஆதரித்தது. அமெரிக்கா ஆதரித்ததால் ரஷ்யா எதிர்த்தது. ‘விடுப்பு’ என்பதற்குப் பதில் ‘விடுப்பு போன்றது’ என்று திருத்தம் கொண்டுவந்தது பிரான்ஸ். மணை என்பது ராணுவத் தளவாடமா என்று பர்மா விளக்கம் கேட்டது. ஸ்வீடன் எழுந்து எல்லாரையும் ஒரு பிடி பிடித்தது. கடைசியில் பதினெட்டுக் கைகளும் உயர்ந்தன. கிளையின் சரித்திரத்தில் முதல் ஏகமனதான தீர்மானம். ஸ்ரீரங்கம் என்ற பெயரைச் சேர்த்ததைத் தவிர.

சடகோபாச்சாரியார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதுவன்றோ லோக க்ஷேமம்!”

வீரமலை காபி டம்ளர்களைப் பொறுக்கி வைத்துவிட்டு, அறை மூலையில் இருந்த சீர்க்கூடையைத் தூக்கினார். கூறைப்புடவை, தேங்காய், பழம், ஈரத்துணியில் சுற்றிய மாலை.

“எங்கே கிளம்பிட்டே?” என்றார் பாக்கியநாதன்.

“கடைசி பஸ்ஸுக்குங்க. தீர்மானம் ஆயிடுச்சுங்களே.”

“இது ஒத்திகைப்பா! நாளைக்குச் சபையில நிறைவேறினாத்தான் செல்லும்.”

“நாளைக்குத்தானுங்களே கல்யாணம்?”

“அதனாலதான் நாளைக்கே நிறைவேத்தறோம். உன் விஷயத்தை நீதானே எடுக்கணும்? ஐஸ்லாந்து இல்லாம ஐஸ்லாந்து தீர்மானத்தை எப்படி நிறைவேத்தறது?”

அதாவது, பத்தாம் தேதி விடுப்புப் பெறுவதற்கு வீரமலை பத்தாம் தேதி வேலைக்கு வர வேண்டும். இதில் பிழை எங்கே இருக்கிறது என்று அவர் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை.

தலைவர் அருகில் வந்து தோளில் கை வைத்தார். இதற்கு முன் அவர் கை பட்டதில்லை. “மெட்ராஸ்லேர்ந்து நம்ம கழகத்துப் பெரியவர் வரார். உன் பேச்சை அவர் கேக்கணும். எட்டு மணிக்கு முதல் விஷயமே உன்னோடதுதான். முடிஞ்சதும் என் காரிலேயே தொட்டியம் போய்டு. ஒன்பதரையிலேர்ந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம்னா பத்து நிமிஷம் முன்னாலயே இருப்பே.”

வீரமலை அப்போது போயிருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது, உண்மை. ஆனால் பயம் மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த நாற்காலியில் இன்னொரு முறை உட்கார வேண்டும் போலிருந்தது. இன்னொரு முறை எல்லாரும் தமக்காகக் கை உயர்த்த வேண்டும். தாய்மாமன் காரில் வந்து இறங்கினால் தொட்டியமே திரும்பிப் பார்க்கும்.

பஸ் கண்டக்டர் செல்லக்கண்ணு அவர் ஊர்க்காரர். சீர்க்கூடையை அவரிடம் கொடுத்து, சட்டைப்பையில் கிடந்த கடிதத்தையும் எதற்கும் இருக்கட்டும் என்று கூடையில் போட்டார்.

“காலையில நானே கார்ல வந்துடுவேன்னு தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க.”

“கார்லயா?” என்றார் செல்லக்கண்ணு. “இறங்கறப்ப எங்களையெல்லாம் அடையாளம் தெரியுமில்ல?”

மறுநாள் எட்டு மணிக்கு உலகம் கூடியது. பெரியவர் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. ஒன்பதரைக்கு விசாரித்ததில், அவரை முக்கொம்பு பார்க்க அழைத்துப் போயிருப்பது தெரிந்தது. தலைவரின் காரில். காவிரி கொள்ளிடமாகப் பிரிவதைப் பெரியவர் மிகவும் ரசிப்பதாகவும், டிபனும் அங்கேயே நடப்பதாகவும் தகவல் வந்தது.

வீரமலை ஐஸ்லாந்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரம் அவருக்கு நேர் எதிரே இருந்தது. தினமும் சாவி கொடுக்கிறவரும் அவர்தான். பத்தரை அடித்தபோது கைப்பிடிகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியவர் பதினொன்றேகாலுக்கு வந்தார். வரவேற்பு, மாலை, முப்பது உரிமைகளின் பாராயணம் எல்லாம் முடிந்து முதல் விஷயம் பன்னிரண்டுக்கு எடுக்கப்பட்டது. ஐஸ்லாந்து எழுந்து நின்றது. “அப்பன் இல்லாத பொண்ணுங்க” என்றதற்கு மேல் அதற்குப் பேச்சு வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. சபை எழுந்து நின்று கை தட்டியது. இவ்வளவு தத்ரூபமான ஒரு ஐஸ்லாந்தை மெட்ராசில்கூடப் பார்த்ததில்லை என்று பெரியவர் பாராட்டினார்.

கை தட்டாதவள் ஆரிஃபா ஒருத்திதான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுப்பு உத்தரவைத் தலைவர் தம் கையாலேயே வழங்கினார். ‘10.12.59 ஒருநாள் மட்டும்.’ வீரமலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பரம சந்தோஷம். போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் காபி கொடுத்துட்டுப் போ.”

“நான் கொடுத்துக்கறேன் அண்ணே, நீங்க கிளம்புங்க” என்று ஆரிஃபா தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “எனது அரசு…” என்றுதான் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

தொட்டியத்தில் வீரமலை பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. பந்தல் வாழைகள் தலை தொங்கி நின்றன. பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட்டுப் போய்விட்டார்கள். தங்கை பொன்னுத்தாய் எச்சில் இலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

“கல்யாணம்…” என்றார்.

“ஆச்சு. முகூர்த்தம் தப்பிடும்னு எல்லாரும் கத்தினாங்க. கூடையில ஒரு காயிதம் இருந்துச்சு. பள்ளிக்கூடத்து வாத்தியாரு படிச்சாரு. கவர்மெண்டு முத்திரை போட்டிருக்கு, இதுக்கு மரியாதை பண்ணாட்டிக் கேசாயிடும்னாரு. தாம்பாளத்துல வெச்சு, மாலையை அதுக்கு முன்னால காட்டி, அதையே தாய்மாமன்னு வெச்சு பொண்ணை மணையில உட்கார வெச்சோம். காயிதத்துக்குச் சந்தனம் குங்குமம்கூட வெச்சாங்க.”

வீரமலை பந்தக்காலைப் பிடித்துக்கொண்டார்.

“கார்ல வரேன்னு சொல்லி அனுப்பினியாமே” என்றாள் பொன்னுத்தாய். “அந்தக் காயிதம் தேவலை அண்ணே. பஸ்லதான் வந்துச்சு. ஆனா நேரத்துக்கு வந்துச்சு.”

பிறகு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வீரமலை பத்தாம் தேதி நண்பகல்வரை பணியில் இருந்துவிட்டபடியால் விடுப்பில் அரைநாள் செலவாகவில்லை என்றும், செலவாகாத அந்த அரைநாள் அன்றோடு காலாவதியானது என்றும் கோப்பில் குறித்தார்கள். பொன்னுக்கு வீங்கி குணமாகி வந்த பையனுக்கு வேறு நாடு கொடுத்துவிட்டு, ஐஸ்லாந்தை நிரந்தரமாக வீரமலைக்கே ஒதுக்கினார்கள். மற்ற நாட்களில் அந்த அட்டை அவருடைய ஸ்டூலுக்கு அடியில், குட்டைக் காலுக்கு முட்டாக இருந்தது. ஸ்டூல் ஆடுவது நின்றது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் ஒரு காலை. வீரமலை ஸ்டூலில் உட்கார்ந்து விதிப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். மாடிப்படி கூட்டப் புதிதாகச் சேர்ந்திருந்த வெள்ளையம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு படி கீழேயே நின்றாள்.

“அண்ணே, பத்தாம் தேதி ஒருநாள் லீவு வேணும். மகளுக்கு அன்னிக்குப் பிரசவம் ஆகும்னு மருத்துவச்சி சொல்லியிருக்கா. நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்.”

வீரமலை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“நீ எந்த நாடும்மா?”

“உறையூருங்க.”

வீரமலை பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். கடைசிப் பக்கம்வரை தேடினார். பிறகு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

“உறையூர் லிஸ்டுல இல்லையே.”