எதிர்வீட்டார் பார்த்த ஹனுக்கா

புசான், கொரியா

என் அருமைத் தங்கை பினாவுக்கு,

அண்ணன் மெனாஷே ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி ஷுலமித் போன பிறகு அந்த ஊரில் தனியாக என்ன செய்கிறாய், ஹைஃபாவுக்கு வந்துவிடு, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். தனியாகவா? நானா? இந்த ஹனுக்காப் பண்டிகையில் நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு.

ஊர் பார்க்கட்டும் என்று மெழுகுவர்த்தியை ஜன்னலில் ஏற்றினேன். அந்த வெளிச்சத்தில் படிக்கக்கூடாது, தைக்கக்கூடாது, சும்மா பார்க்கத்தான் வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மறுநாள் ஒன்று கூட்டி ஏற்றினேன். ஊர் நன்றாகவே பார்த்துவிட்டது. எதிர் அடுக்கக ஹாரினின் அம்மா, கிழவர் வீட்டில் கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டி குடியிருப்பு அலுவலகத்தில் போய்ச் சொல்ல, அங்கிருக்கும் மேலாளர் ப்யோன் வீட்டுக்கு வீடு இருக்கிற ஒலிபெருக்கியில், பத்தாவது மாடியில் ஒரு தாத்தா இருட்டில் தவிக்கிறார், முடிந்தவர்கள் போய்ப் பாருங்கள் என்று அறிவித்துவிட்டார். எங்கள் மாடியில் எந்தத் தாத்தா, பாவம் என்று நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கதவைத் திறந்தால் என் வாசலில் ஒரு கும்பல். ஒருவர் கையில் போர்வை, ஒருவர் கையில் டார்ச், ஒருவர் கையில் ஒரு ஜாடி கிம்ச்சி ஊறுகாய். விளக்கைப் போட்டுக் காட்டினேன். உடனே எல்லோருக்கும் குரல் இறங்கிவிட்டது. செத்துப்போன மனைவிக்குத் திதி கொடுக்கிறார் என்று புரிந்துகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஜன்னலைப் பார்த்து இரண்டு தடவை விழுந்து கும்பிட்டார்கள். இது எங்கள் யூதர்களின் சந்தோஷப் பண்டிகை, எட்டு நாள் நடக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அழணும்னா அழுதுடுங்க தாத்தா," என்றாள் ஹாரினின் அம்மா.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அப்புறம் யார் நம்புவார்கள்?

சுட்டுவைத்திருந்த உருளைக்கிழங்கு அடையை நீட்டினேன். தின்று பார்த்துவிட்டு, இது எங்கள் ஊர் அடை, உமக்கு யார் சொல்லிக்கொடுத்தது, சோயா சாஸ் எங்கே என்று கேட்டாள். அம்மா காலத்துக்கு முன்பிருந்தே இது எங்கள் பலகாரம் என்று வாதாடினேன்.

"இத்தனை காலத்துல உப்பு போடக்கூடக் கத்துக்கலையா?"

மறுநாள் சோயா சாஸ் பாட்டிலோடு வந்தாள். அதற்கு மறுநாள் ஹாரினையும் கூட்டிவந்தாள். தினமும் சாயங்காலம் கதவைத் தட்டுகிற சத்தம்தான். மூச்சுவிட நேரமில்லை, இதில் தனிமையாம்! மேலும், மலைச்சரிவுக் கல்லறையில் ஷுலமித்தை விட்டுவிட்டு நான் எங்கே வருவது? ஆகவே என்னைப் பற்றிய கவலையை விடு. அறையை வாடகைக்கு விடு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். முழங்காலுக்கு என் விசாரிப்பு.

உன் அண்ணன்,
மெனாஷே

பி.கு.: பண்டிகை நேற்றோடு முடிந்தது. இன்று சாயங்காலமும் ஏற்றிவிட்டேன், பினா. ஒன்பதாவது நாள் கிடையாது என்று எனக்கும் தெரியும். நம் மதகுரு ரபியிடம் சொல்லிவிடாதே. இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஹாரினின் அம்மா எதிர் ஜன்னலுக்கு வந்தாள். எட்டு விரலைக் காட்டி, முடிந்துவிட்டதே என்பதுபோல் சிரித்து, கையாட்டிவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே.