செவ்வாயில் ஓர் அம்மி

இனி அம்மியைத் தொடுவதில்லை என்று சபதம் செய்தேன். தொட்டால் என் பெயர் கமலக்கண்ணன் இல்லை.

பன்னிரண்டு நாளாக அரைக்கிறேன். "மிக்ஸி போயிடுச்சுங்க" என்று என் மனைவி பாக்கியலட்சுமி சொன்ன அன்று பிடித்த சனி. வைத்திக்குப்பத்து மீன் வரும் நாளெல்லாம் மிளகாய், மல்லி, தேங்காய். மற்ற நாளில் சட்னி. அவளுக்கு முழங்கால் வலி, குந்த முடியாது. எனக்குத் தோள்பட்டை கழன்று குழவியோடு வந்துவிடும் போலிருக்கிறது. மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் நாற்பது பேரை மேய்த்தவன் நான்! நினைத்தால் அழுகை வருகிறது. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்த்தபோதே உஷாராகியிருக்க வேண்டும். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் அம்மியைப் பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் பேப்பரில் அந்தப் படம் வந்தது. செவ்வாய் கிரகத்தில் ஊர்ந்து திரியும் ரோவர் வண்டி ஒரு கல்லைக் கண்டுபிடித்திருக்கிறது. உடம்பெல்லாம் புள்ளி. எப்போதோ வாழ்ந்த நுண்ணுயிர் விட்ட தடமாக இருக்கலாமோ என்று விஞ்ஞானிகள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்களாம். எங்கள் அம்மியைத் திரும்பிப் பார்த்தேன். அதிலும் புள்ளி! கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார்.

"பாக்கியம், செவ்வாய்ல ஒரு கல்லு..."

"செவ்வாயா? அன்னிக்கு நம்ம வூட்ல கவிச்சியே கிடையாதே."

"கிழமை இல்லம்மா, கிரகம்!"

"எனக்குத்தான் கிரகமே சரியில்லையே. என்னா, சொல்லுங்க."

"இந்தப் புள்ளியெல்லாம் கிருமி வேலையாம். நம்ம அம்மியிலயும் அதே புள்ளி. இதுல அரைச்சுத் தின்னா என்னா ஆவறது? புது மிக்ஸி வாங்கிடலாம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது கொத்தின அம்மிங்க. அங்கயும் எவளோ ஒருத்தி குடும்பம் நடத்தியிருக்கா."

"விஞ்ஞானிங்களே குழம்பிப் போயி..."

"அம்மி அரைச்சிருந்தா குழம்ப மாட்டாங்க. சரி, அந்தக் கிருமி உசுரோட இருக்கா?"

"செத்து முந்நூறு கோடி வருஷம் ஆவுது."

"செத்தது என்னா பண்ணும்? இருந்தாலும் நீங்க பயப்படுறீங்க. மேலாக்கக் கொத்தி எடுத்துட்டா கிருமியும் போயிடும், மசாலாவும் நைசா வரும். உளியும் சுத்தியும் பரண்ல இருக்கு."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். நான் அடித்த அடியில் நகர்ந்தது என் முதுகெலும்புதான். செவ்வாயில் உயிர் இருந்ததோ இல்லையோ, எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. பாதி கொத்தியிருப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு ரமீஜாவின் குரல் கேட்டது.

"அக்கா, உங்க மிக்ஸி சூப்பரா ஓடுது! எங்களுது ரிப்பேர்லேந்து வர வரைக்கும் வச்சிக்கட்டுமா?"

"நிதானமா குடு ரமீஜா. இங்க ஒண்ணும் அவசரம் இல்ல."

உளி நழுவிக் காலில் விழுந்தது.

"அடிப்பாவி! மிக்ஸி போயிடுச்சுன்னு சொன்னியே?"

"போயிடுச்சுன்னுதான் சொன்னேன். எங்க போச்சுன்னு நீங்க கேட்டீங்களா?"