வேம்புக்கு ஒரு குதிரை

“இல்லைன்னு போட்டா இந்த ஆப் ஏத்துக்க மாட்டேங்குது டீச்சர்!” என்று செல்போனைத் தூக்கிக் காட்டினார் பாலசுந்தரம்.

தலைமையாசிரியை ஜெயசித்ரா வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஏன் இல்லைன்னு போடறீங்க? நம்ம ஸ்கூல்ல அறிவாளியே கிடையாதுன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? நாலு மணிக்குள்ள மீத்திறன் மாணவர் ஒருத்தராவது வேணும்னு மெசேஜ் வந்திருக்கு. யாரையாவது புடிங்க சார்.”

மீத்திறன் மாணவர் என்றால் வகுப்பை விட நாலடி முன்னால் ஓடுகிற பிள்ளை. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கென்று தனியாகக் கற்றல் திட்டம் எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, ஆப்பில் ஏற்ற வேண்டும். கீழப்பழுவூரிலிருந்து பத்து நிமிட வண்டித் தூரத்தில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் மொத்தமே அறுபத்தொரு பிள்ளைகள். அதில் நாலாம் வகுப்பு வேம்பு உண்மையிலேயே கெட்டிக்காரி. பாலசுந்தரம் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, “அடுத்தது போடுங்க சார்” என்று அவர் உயிரை வாங்குபவள்.

ஆள் கிடைத்துவிட்டாள். திட்டத்துக்கு எங்கே போவது? மணி மூன்றரை. குரும்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் நண்பன் பிரசாத்துக்குப் போன் போட்டார்.

“நான் எழுதினதை அனுப்பறேன். பேரை மட்டும் மாத்திக்க” என்றான் பிரசாத்.

“நீயா எழுதின?”

“நெட்ல இருந்ததை நான்தான் எழுதினேன். படிச்சுக்கிட்டு உக்காராத, டைம் ஆயிடும்.”

பாலசுந்தரம் நண்பன் சொல்லைத் தட்டாதவர். படிக்காமலே பேரை மாற்றினார்.

வேம்புவின் அப்பா மாயவன், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் லாரி டிரைவர். நல்லவேளை, அன்றைக்கு வீட்டில் இருந்தார். கூப்பிட்டதும் வந்துவிட்டார். வந்தவர் சும்மா கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகக் கூடாதோ? ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“ஏன் சார், ‘வாரம் இருமுறை குதிரையேற்றப் பயிற்சி’ன்னு போட்டிருக்கே?”

பாலசுந்தரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணி மூன்று ஐம்பத்திரண்டு. அடித்து எழுத ஏது நேரம்?

“அது... மேலிடத்துல ஏற்பாடு பண்ணுவாங்க. நீங்க போடுங்க.”

“குதிரையே தர்றாங்களா சார்?”

“கவர்மெண்டு நெனச்சா யானையே தரும் மாயவன். கையெழுத்தைப் போடுங்க!”

மாயவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். சந்தோஷம் வந்துவிட்டால் இன்னும் நீளும். அவர் லாரி எந்தெந்த டீக்கடையில் நின்றதோ அங்கெல்லாம் குதிரையும் நின்றது. மூன்றாம் நாள் காலை பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் முளைத்துவிட்டது. பன்னிரண்டு லாரி டிரைவர்கள் கறுப்புக் கண்ணாடியோடு கும்பிட்டபடி நிற்க, நடுவில் வெள்ளைக் குதிரை மேல் வேம்பு. தலை அவளுடையது, உடம்பு யாரோ ஒரு ராஜாவுடையது. ‘எங்கள் மண்ணின் மீத்திறனே! புரவி ஏறும் புலியே!’

அன்றிலிருந்து பாலசுந்தரத்தை ஊரில் ஒருத்தரும் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கவில்லை. “குதிரை எப்ப சார் வருது?” என்றுதான் கேட்டார்கள். ஒரு மகராசன் ஒரு கட்டுப் புல்லையே கொண்டுவந்து பள்ளி வாசலில் போட்டுவிட்டுப் போனார்.

போதாக்குறைக்கு ஆப் வேறு, ‘செயல்பாட்டின் புகைப்படம் தேவை’ என்று சிவப்பாகக் கண்ணடித்தது. பாலசுந்தரம் யோசித்துப் பார்த்தார். பிளெக்ஸைப் போட்டோ எடுத்து, லாரிக்காரர்களை வெட்டிவிட்டு, குதிரையையும் வேம்புவையும் மட்டும் ஏற்றினார். ஆப் பச்சையானது. மறுநாள் அந்தப் படம் ஆசிரியர் குழுக்கள் எல்லாவற்றிலும் ‘முன்மாதிரிப் பள்ளி’ என்று சுற்றிச் சுற்றி வந்தது.

அந்தச் சந்தோஷம் அரை நாள்கூட நிலைக்கவில்லை. பிரசாத் போன் பண்ணினான்.

“டேய் பாலு, எங்கூரு டீக்கடையில குதிரைக் கதை சொன்னாரே, அந்த உங்க மாயவனை இப்ப அரியலூர்ல இங்கிலீஷ் ஸ்கூல் ஒண்ணுல பார்த்தேன். ஆபீஸ் ரூம்லேர்ந்து கையில கவரோட வெளிய வந்தாரு.”

“நீ அங்க எதுக்குடா போன?”

“என் பொண்ணு அங்கதானே படிக்குது.”

“நீ கவர்மெண்டு ஸ்கூல் வாத்தியாருடா!”

“அதனாலதான்” என்று போனை வைத்தான்.

ஜெயசித்ராவிடம் ஓடினார் பாலசுந்தரம். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் பதிவேட்டை மூடினார்.

“சார், அறுபத்தொண்ணு இருந்தாத்தான் மூணு போஸ்ட்டு. அறுபதுன்னா ரெண்டுதான். ஒண்ணாம் தேதி தலையை எண்ணிடுவாங்க. கடைசியா வந்தவர் நீங்க. உபரி ஆசிரியர்னு தூக்கி எங்க போடுவாங்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.”

பாலசுந்தரம் பதினோரு வருஷம் பச்சைமலைப் பக்கம் பஸ்ஸிலேயே குடித்தனம் நடத்தியவர். விடியும் முன்னே கிளம்பி, இருட்டி வீடு திரும்பி, சொந்த மகன் ‘வந்துட்டுப் போங்க மாமா’ என்று சொல்லும் அளவுக்கு அந்நியமாகிப்போனவர். இப்போதுதான் மூன்று வருஷமாக மனைவி கையால் சுடச்சுட இட்லி சாப்பிடுகிறார். அதை விடுவாரா?

“ஒரே வழிதான் டீச்சர். படிக்கற புள்ளைன்னாத்தான் டவுனுக்கு அனுப்பறாங்க. படிப்பு ஏறாத புள்ளையை இங்கயே வுட்டுடறாங்க. வேம்பு மக்குன்னு மாயவன் நம்பிட்டா போதும்.”

“கண்டுபுடிச்சதும் நீங்க, கவுக்கறதும் நீங்களா? என்னை இதுல இழுக்காதீங்க” என்றார் ஜெயசித்ரா.

பாலசுந்தரம் வேம்புவைத் தனியே கூப்பிட்டார். “உன்னை டவுன் ஸ்கூலுக்கு அனுப்பப் போறாங்க போலிருக்கு. போறியா?”

“மாட்டேன் சார். அங்க பேசினாலே திட்டுவாங்களாம்.”

“அப்ப நாளைக்கு உங்கப்பாவை வரச் சொல்றேன். நான் கேக்கற கேள்விக்கெல்லாம் தப்பாவே பதில் சொல்லணும்.”

வேம்பு யோசித்தாள். “கொஞ்சம் தப்பாவா, ரொம்பத் தப்பாவா சார்?”

“ரொம்ப.”

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் மாயவன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“சார், உங்ககிட்ட முக்கியமான ஒரு விஷயம்...”

“தெரியும் தெரியும், உக்காருங்க. அதுக்கு முன்னாடி ஒரு உண்மையைச் சொல்லிடறேன். அந்த மீத்திறன் விவகாரம் கம்ப்யூட்டர் பண்ணின கோளாறு. நம்ம வேம்பு மெல்லக் கற்கிற புள்ளை.”

“மெல்லன்னா... எவ்வளவு மெல்ல?”

“லோடு லாரி மேட்டுல ஏறுற மாதிரி.”

மாயவன் சிரித்தார். “வெளையாடாதீங்க சார். வூட்ல எல்லாக் கணக்கும் அதுதான் பாக்குது.”

“நீங்களே பாருங்க. வேம்பு, ஏழெட்டு எவ்வளவு?”

“எழுபத்தெட்டு சார்.”

“தமிழ்நாட்டுக்குத் தலைநகரம்?”

“திருமழபாடி சார்.”

“பசுவுக்குக் கால் எத்தனை?”

“எந்தப் பசு சார்?”

பாலசுந்தரம் பூரித்துப்போனார். ‘அடி சக்கை! என்னமாய் நடிக்கிறது!’ இத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றி கண்ணை மறைத்தது.

“உன் பேரு என்னம்மா?”

வேம்பு கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். “இன்னும் அந்தப் பாடம் நடத்தலை சார்.”

மாயவன் முகத்தில் இருந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை. மகளையே வெறித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ரெண்டு வருஷமா இதுக்கு யாரு சார் பாடம் எடுக்கறது?”

“நான்தான்!” என்றார் பாலசுந்தரம் நெஞ்சை நிமிர்த்தி.

“சரிங்க சார். எல்லாம் புரிஞ்சுபோச்சு.” மாயவன் எழுந்தார்.

“ஏதோ முக்கியமான விஷயம்னீங்களே?”

“இனிமே அது எதுக்குங்க சார்? வரேன்.” செல்போனைக் காதில் வைத்தபடி வேகமாக வெளியேறிவிட்டார்.

பாலசுந்தரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்கு ஆளனுப்பி ஆமவடையும் டீயும் வரவழைத்தார். வேம்புக்கு ரெண்டு வடை. ஜெயசித்ரா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று எடுத்துக்கொண்டார்.

“அறுபத்தொண்ணு அப்படியே இருக்கு டீச்சர்! இனி என்னை எவனும் அசைக்க முடியாது!”

வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே டை கட்டி, ஷூ போட்டு, மூன்று பிள்ளைகள் நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டிவந்த ரஞ்சித்குமார் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்தான்.

“சார், எனக்கு ஒண்ணும் புரியலீங்க. ‘நம்மூரு வாத்தியாரு புள்ளைங்களைக் குதிரையேத்தறாரு, அங்க சும்மா உக்கார வச்சிருக்கானுவ’ன்னு சொல்லி, அவரு தங்கச்சி புள்ளைங்க மூணுக்கும் இங்கிலீஷ் ஸ்கூல்லேர்ந்து டிசி வாங்கி, இங்க சேர்க்க என்னை இட்டுக்கிட்டு வரச் சொன்னாரு மாயவன் அண்ணன். இப்ப பாதி வழியில போனைப் போட்டு, ‘திருப்பிக் கொண்டுபோயி அங்கயே சேர்த்துடு, போறப்ப எம் பொண்ணையும் ஏத்திக்க’ங்கிறாரு... வேம்பு எந்த கிளாஸ்ல சார் இருக்கு?”