சம்பந்தி மலருக்கு ஒரு டெண்டர்

“மலர் வேலை தொடக்கம். முதலில் மென்பொருள் தேர்வு.”

என் நாட்குறிப்பில் ஜனவரி முதல் திங்கட்கிழமைப் பதிவு இது. பிப்ரவரியிலும் மென்பொருள் தேர்வுதான். மார்ச்சிலும் அதுவே.

என் சம்பந்தி காடாம்புலியூர்க்காரர். நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தே தலை நரைத்தவர். ஏப்ரல் கடைசி நாளில் ஓய்வு பெறவிருந்தார். அன்றைய பாராட்டு விழாவில் அவரைப் பற்றி ஒரு மலர் வெளியிடுவதாக, யாரும் கேட்காமலே நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உறவினர்கள் கட்டுரைகளும் படங்களும் அனுப்பிவிட்டார்கள். கணினியில் பக்கம் அமைக்க வேண்டியதுதான் பாக்கி. வேறு யாராவது என்றால் உட்கார்ந்து முடித்திருப்பார்கள். நானோ கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். (குண்டூசி வாங்கவும் மூன்று கொட்டேஷன் கேட்ட கை இது.)

மாதச் சந்தா கேட்கும் மென்பொருள், ஒரே தடவை காசு வாங்கிக்கொள்வது, இலவசம் என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். வண்ணப் பிரிப்பு உண்டா, அடிக்குறிப்பு நகருமா, பொருளடக்கம் தானாக வருமா என்று பட்டியல் கொழுத்தது. அலுவலக வழக்கப்படி ஒரு கமிட்டியும் போட்டேன். நிதிப் பிரிவு உறுப்பினர், என் மனைவி.

“படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு.”

“எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க. அடுப்புல பால் இருக்கு.”

மகள் தொலைபேசியில் கேட்டாள்: “எத்தனை பக்கம்ப்பா முடிஞ்சிது?”

“டெண்டர்ல டெக்னிக்கல் பிட் பாத்து முடிஞ்சிது. இனி பிரைஸ் பிட், வெலைப்புள்ளிதான்.”

“அப்பா! அது என் மாமனார் மலரு. அந்த வீட்ல தினம் முகம் காட்ட வேண்டியவ நானு. வேர்டுலயே போட்டுக் குடுத்துடுங்களேன்.”

“தரம்னு ஒண்ணு இருக்கும்மா.”

விழாவுக்கு முந்தின நாள் காலையில் வெற்றி பெற்ற மென்பொருளை முறைப்படி அறிவித்து, காசு கட்டி, கணினியில் ஏற்றினேன். முதல் கட்டுரையை உள்ளே கொட்டினேன். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி புள்ளியாக வட்டங்கள். சம்பந்தியின் பெயரே அடையாளம் தெரியவில்லை. பட்டியலில் எல்லாம் இருந்தது. ‘தமிழ் வருமா?’ என்ற வரி மட்டும் இல்லை.

மாலை வரை போராடிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். மேடையில் கொடுக்க ஏதாவது கனமாக வேண்டும். வீட்டில் புத்தகப் பருமனில் ஸ்பைரல் போட்டு இருந்தது அந்த ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றுதான். அதையே ஜிகினாத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டினேன். ‘வீட்டில் போய்ப் பிரிக்கட்டும்’ என்று விழா தொகுப்பாளரிடம் காதோடு சொல்லியும் வைத்தேன்.

ஆனால் சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரிக்கு ரிப்பனைக் கண்டால் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. பிரித்தார். சபைக்கு உயர்த்திக் காட்டினார். கைதட்டல் அடங்கியதும் சம்பந்தி அதை வாங்கிப் புரட்டினார். மைக் அவர் கையிலேயே இருந்தது.

“என்னாங்க சம்பந்தி, என்னப் பத்தி எழுதறேன்னு சொல்லிகினு இருந்தீங்க. பொரட்டிகினே போறேன், எம் பேரு ஒரு எடத்துலயும் காணுமே? சம்பந்தியம்மா கையெழுத்து மட்டும் பக்கத்துக்கு பக்கம் கீதே!”

முதல் வரிசையில் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. சம்பந்தியும் சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாரமே அவள் வேர்டில் மலரை முடித்தாள். நன்றாகவே இருந்தது. (தரம் குறைவு என்று நான் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை.)

இப்போது எங்கள் வீட்டில் மிக்சி வாங்கும் பேச்சு வந்தாலும், “மாமா, கமிட்டி போட்டாச்சா?” என்கிறார் மருமகன்.

சுரங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சம்பந்தி பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டார். அசல் மலர் பீரோவுக்குள் இருக்கிறதாம். கூடத்து ஷோகேஸில் என் ஒப்பீட்டுப் பட்டியல்தான் நிற்கிறதாம். வருகிறவர்களிடம், “எங்க சம்பந்தி எனக்காவ எழுதன புத்தகம்” என்று எடுத்துக் காட்டுகிறாராம். இது மகள் வாய்மொழியாகச் சொன்னது. அந்த வீட்டில் நான் எப்போதும் ஷோகேஸுக்கு முதுகைக் காட்டியே உட்காருவதால், இந்தத் தகவல் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.