மீன் ஆப் செஞ்ச ஆளு

தித்தோவின் மானம் ஒரு கெண்டை மீனால் போனது.

ஜகார்த்தாவில் ஒரு கம்பெனியில் போன் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது அவன் வேலை. எந்தப் பொத்தான் எங்கே, என்ன நிறத்தில், கட்டை விரல் எதுவரைக்கும் எட்டும், எல்லாம் அவன் தீர்மானம்தான். பயன்படுத்த எளிதாக ஒரு திரையை எப்படிப் போடுவது என்று மேடையேறி ஒன்றரை மணி நேரம் விளாசுவான். ஆனால் சமையல் காஸ் வரவழைக்க அவன் கட்டிய செயலியை அவன் பெண்டாட்டி ரோத்துவா தொட்டதே இல்லை. காஸ் தீர்ந்தால் வாசல் கேட்டில் நின்று எதிர்க்கடையைப் பார்த்து ஒரு கத்தல். அஞ்சு நிமிஷத்தில் சிலிண்டர் வந்துவிடும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான் பாவம். புதன்கிழமை சாயங்காலம்தான் வினை. இன்னொரு கம்பெனியின் மீன் செயலியில் கெண்டை மீனுக்குச் சொல்லிவிட்டு, ரோத்துவா போனைப் பார்த்துச் சிரித்தாள். போனைப் பார்த்து ஐயா, அவனைப் பார்த்து இல்லை!

"எந்த மகராசி பெத்த புள்ளையோ! இத செஞ்சவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

இதைத் தித்தோவால் பொறுக்க முடியவில்லை. ஒன்பது வருஷக் கல்யாணத்தில் அவன் கைக்கு ஒரு பித்தளை வளையம்கூட யாரும் பேசியதில்லை.

"அப்படி என்னத்தக் கிழிச்சிட்டான் அவன்?"

"ஒரே அமுக்கு, பாங். மீன் வீட்டுக்கு வந்துருது." பாங் என்பது அவள் ஊரில் புருஷனைக் கூப்பிடும் மரியாதை. மரியாதை அதோடு சரி.

"என்னோடதுலயும்தான் காஸ் வருது!"

"வருது. பதினோரு தடவ அமுக்கணும். அதுக்குள்ள நான் போய் விறகு பொறுக்கிட்டு வந்துருவேன்."

"எங்க ஊரு சோலோவுல சித்திங்க பதினாலு பேர்கிட்ட காட்டினேன் தெரியுமா? பதினாலு பேரும் நல்லாருக்குன்னாங்க!"

"அவங்க சோலோக்காரங்க. சோத்துல கல்லு கடிச்சாலும் நல்லாருக்குன்னு முழுங்கிட்டு எந்திரிச்சிப் போவாங்க. நான் தோபா ஏரிக்காரி. எனக்கு அந்த நாகரிகமெல்லாம் வராது."

உண்மைதான். அவளுக்கு வரவே வராது.

"சரி, யாரு அவன்?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

ரோத்துவா கரண்டியைக் கழுவி, கவிழ்த்து வைத்து, நிதானமாகச் சொன்னாள். "யாருன்னா... வந்தாரே ஒருத்தர்."

"எங்க வந்தான்?"

"இங்கதான். நம்ம அடுப்படிக்கு."

"என்னது! எப்போ?"

"நீங்க ஆபீஸ் போனப்புறம். மூணு நாள்."

"மூணு நாளா!"

"கத்தாதீங்க. பொம்பளைங்க எப்படி சமைக்கிறாங்க, நடுவுல போன எப்படி தொடுறாங்கன்னு பாக்கணுமாம். அந்த மூலையில உக்காந்தாரு. சும்மாவும் உக்காரல. வெங்காயம் உரிச்சாரு, தேங்காய் துருவினாரு. ஒரு வார்த்த குறுக்கப் பேசணுமே! அப்படி ஒரு ஆம்பளைய நான் பாத்ததே இல்ல."

"பேரு?"

"நான் கேக்கல, அவரும் சொல்லல. அவருதான் பேசவே மாட்டாரே!"

தித்தோவுக்குத் தொழில் ரோஷமும் சேர்ந்து வலித்தது. யாருக்காகச் செய்கிறோமோ அவர்கள் இருக்கிற இடத்துக்கே போய், வாயை மூடிக்கொண்டு பார்க்கணும் என்பது அவன் தொழிலில் அரிச்சுவடி. அவனே மேடையில் நூறு தடவை சொன்னதுதான். ஆனால் போனதில்லை. இவன் போகாத இடத்துக்கு, அதுவும் இவன் வீட்டு அடுப்படிக்கே, எவனோ ஒருத்தன் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான்! அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் ஆபீஸுக்கு மூணு நாள் லீவு எழுதிப் போட்டான். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அதே மூலையில் போட்டான்.

"என்ன பாங் இது?"

"நானும் பாக்கப்போறேன். அவன் எவ்வளவு வெங்காயம் உரிச்சான்?"

"மூணு கிலோ இருக்கும்."

"எனக்கு நாலு கிலோ கொண்டா!"

சின்ன வெங்காயம், அதுவும் நாலு கிலோ. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. பாதி வெங்காயத்துக்கு, பாதி அந்தப் பாவிக்கு.

"எதுக்கு இவ்வளவு மசாலா?"

"ஞாயித்துக்கிழம எங்க குலத்துப் பொம்பளைங்க நாப்பது பேரு வர்றாங்கல்ல? ஆமா, அவரு கேள்வியே கேக்க மாட்டாரு."

கப்சிப். போன தடவை இந்தக் கூட்டம் நடந்தபோது அவசர வேலை என்று ஆபீஸிலேயே பதுங்கிக் கிடந்தவன் இவன். இந்தத் தடவை மஞ்சள் அரைத்தான். இஞ்சி இடித்தான். பன்னிரண்டு தேங்காய் துருவினான். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்தார். அதற்கும் பதில் சொல்லவில்லை.

ஒன்று சொல்லணும். வாயை மூடியதும் கண் திறந்தது. அவள் கை எப்போதும் ஈரம். மஞ்சள் விரலால் தொட மனசு வராமல் போனை விரல் முட்டியால் தட்டுகிறாள். கண்ணாடி நெற்றியில் கிடக்கிறது. போன் அரிசி டின்மேல் சாய்ந்து நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் அவன் ஆசை ஆசையாக வரைந்த பொத்தான்கள் எள்ளு சைஸ். அவள் தேடுவதும் ஒன்றே ஒன்றுதான்: போன தடவை வாங்கியது, அதே மறுபடியும்.

சனிக்கிழமை மத்தியானம் பதினோரு திரையையும் கழித்துக் கட்டினான். ஒரே திரை. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே பொத்தான்: 'போன தடவை மாதிரியே'. ரோத்துவா முழங்கையால் ஒரு இடி இடித்தாள். சிலிண்டருக்குச் சொல்லியாயிற்று.

"ம்," என்றாள்.

"அவனவிட நல்லாருக்கா? உண்மையச் சொல்லு!"

"கிட்ட வந்துட்டீங்க."

கிட்டத்தானா! ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கெல்லாம் மீனும் சோறும் பரிமாறி முடித்தபோதும் அந்த 'கிட்ட' அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். உள்ளே மச்சினி தியூரின் குரல் கேட்டது.

"அக்கா, அடுத்த கூட்டம் எங்க வீட்டுல. நீ அத்தான்கிட்ட விட்ட அந்த மீன் ஆப் ஆளு கதைய நானும் விடட்டுமா?"

"தாராளமா விடு. ஆனா உன் வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவரு, லாரிக்காரன்னு மாத்திக்கோ. பேரு மட்டும் வச்சிடாத. ஆளத் தேடிக் கிளம்பிட்டாருன்னா வெங்காயம் யாரு உரிக்கிறது?"

தட்டுகள் கடகடவென்று ஆட, தித்தோ உள்ளே பாய்ந்தான்.

"அப்போ அப்படி ஒருத்தன் வரவே இல்லையா?"

ரோத்துவா அசரவில்லை. அவன் கையிலிருந்த தட்டுகளை வாங்கித் தொட்டியில் போட்டாள்.

"வந்தாரே, பாங். மூணு நாள் இங்கதான் உக்காந்திருந்தாரு. நாலு கிலோ உரிச்சாரு. வாயே திறக்கல. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிட்டாரு."