மாவுக்காக வாங்கிய கள்

நான் என் வாழ்நாளில் கள் குடித்ததில்லை. எங்கள் ஊரான காஜா பேராங்கில் இதை நம்புகிறவர்கள் இரண்டு பேர். அதில் என் மனைவி சேர்த்தியில்லை.

இந்த மலாய் மண்ணுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அது. ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதில் வேலை போன ஆறு குடும்பங்கள் எங்கள் பக்கம் வந்து ஒண்டியிருந்தன. எங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரில் ஒரு ரொட்டிக்கடை போட்டால் ஆறு ஆண்களுக்கும் வேலை கிடைக்கும் என்று யோசனை சொன்னவன் நான். (தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவனுக்கு யோசனைக்கா பஞ்சம்?) கொல்லையில் அடுப்பு கட்டினோம். துரைமார் கிளப்பில் ரொட்டி சுட்டு ஓய்வுபெற்ற அந்தோணி அண்ணனைத் தலைமைக்குப் பிடித்தோம்.

பெண்கள்தான் நம்பவில்லை. சம்பளம் வந்தால் நேரே கள்ளுக்கடைக்குத்தான் போகும், அதற்கு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிடலாம் என்றாள் ராமையாவின் மனைவி முனியம்மா. மூன்று பிள்ளைகளோடு அவள் கிளம்பினால் மற்ற ஐந்து குடும்பமும் பின்னாலேயே போகும். அவளை நிறுத்திவைக்க, ஆறு ஆண்களையும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன். வாசகம் என் கைவண்ணம்: "கள்ளைக் குடியேன், தொடேன், அது இருக்கும் திசையில் நில்லேன்." 'குடியேன்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். உணர்ச்சி வேகத்தில் ஏழாவது ஆளாக நானும் அடித்தேன்.

திறப்புக்கு முதல் நாள் மத்தியானம், மாவை மேசையில் கொட்டிவிட்டு அந்தோணி அண்ணன் சாதாரணமாகக் கேட்டார்: "கள்ளு எங்க கிராணி?"

மாவு உப்ப அதைத்தான் ஊற்ற வேண்டுமாம். எனக்குத் தெரியாதென்று அவருக்குத் தெரியாதாம். உடனே பிசைந்தால்தான் காலையில் ரொட்டி. சத்தியம் செய்த ஆறு பேரில் யாரை அனுப்புவது? போனவர் திரும்ப வேண்டுமே. அந்தோணி அண்ணனுக்கோ முட்டிவலி. நானே சைக்கிளை எடுத்தேன்.

கள்ளுக்கடையில் பாட்டிலைக் கைக்குட்டை சுற்றிப் பிடித்தேன். 'தொடேன்' என்ற வரைக்கும் சத்தியம் அப்படியே இருந்தது. கடைக்காரர், "மொத தடவையா?" என்று பரிவோடு கேட்டார். வாடை வராதபடி இரண்டு பாட்டிலையும் இறுக்கி அடைக்கச் சொன்னேன். அவர் தயங்கினார், நான் அதட்டினேன். (புளிக்கிற கள் மூச்சு விடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.)

கைப்பிடியில் பையை மாட்டிக்கொண்டு உச்சிவெயிலில் கிளம்பினேன். பாதி வழியில் பைக்குள் ஏதோ 'உஸ்' என்றது. வேகமாக மிதித்தேன். மிதிக்க மிதிக்க இன்னும் குலுங்கியது. எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர் பேச நிறுத்தினார். வயிறு சரியில்லை என்று சைகை காட்டிப் பறந்தேன்.

ரொட்டிக்கடை வாசலில் ஆறு பெண்களும் நின்றிருந்தார்கள், முதல் மாவு பிசைவதைப் பார்க்க. பிரேக்கைப் பிடித்தேன். ஒரு தக்கை தோட்டா மாதிரி எழும்பியது. மூக்குக்கண்ணாடி, மீசை, வெள்ளைச் சட்டை எல்லாம் கள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முனியம்மா கிட்டே வந்து மோந்து பார்த்தாள்.

"மாவுக்கு," என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலியே கிராணி."

"நான் தொடலம்மா. அதுதான் என்னைத் தொட்டுச்சு."

அவள் திரும்பிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். ராமையா தலையைக் குனிந்துகொண்டான். ஆறு குடும்பமும் கப்பலேறுவது என் கண்ணெதிரே தெரிந்தது.

அந்தோணி அண்ணன் நொண்டியபடி வந்து மிச்சமிருந்த பாட்டிலை எடுத்தார். அடுப்புச் சூட்டில் போதையெல்லாம் போய்விடும், இத்தனை காலம் துரைமார் தின்றதும் இந்த ரொட்டிதான் என்று நிதானமாக விளக்கினார். முனியம்மா முழுவதையும் கேட்டாள்.

"சரிண்ணே. தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணவன் இதை எப்படிப் பிசைவான்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். (வாசகம் எழுதியவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.)

முனியம்மா சேலையை இழுத்துச் செருகினாள். "நாங்க யாரும் கற்பூரம் அடிக்கல. குடுங்க இப்படி. எங்க கண்ணு முன்னால மாவுல போகட்டும்."

மற்ற ஐவரும் அவள் பின்னால் உள்ளே போனார்கள். மறுநாள் ரொட்டி நன்றாகவே உப்பியது. ஆண்கள் விறகு பிளந்தார்கள், பக்கத்து ஊரான புக்கிட் பாரு வரை சைக்கிளில் ரொட்டி கொண்டுபோனார்கள். பிசைகிற வேலை இன்றுவரை பெண்களுடையது. கப்பல் யாரும் ஏறவில்லை.

எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல். கள்ளுக்கடைப் பக்கம் போகிறவன் மனைவியிடம் மாட்டிக்கொண்டால் எங்கள் ஊரில் இன்றும், "மாவுக்கு" என்கிறான். என் மகளுக்கு இப்போது பதினாறு வயது. போன வாரம் அவள் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே கிளம்ப, எங்கே, யாரோடு, எப்போது வருவாய் என்று பதறிக் கேட்டேன்.

"மாவுக்குப்பா," என்றாள்.

அடுப்படியில் என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.