அமெரிக்காவுக்கு நான் போட்ட வேலி

இந்தக் கோடைக்குள் அமெரிக்காவில் ஓர் அணியைத் திருத்திவிடுவதென்று முடிவு செய்தேன். அவர்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்டால்தான் உதவுவேன் என்று உட்கார்ந்திருக்கிற ஆள் நானில்லை.

மகள் வினிதா அங்கே இருக்கிறாள். மாப்பிள்ளை மேத்யூவுக்கு அந்த ஊர் ஃபுட்பால் அணிமேல் உயிர். அங்கே ஃபுட்பாலில் பந்தைக் காலால் தொடுவதே அபூர்வம். முட்டை வடிவப் பந்தை ஒருவன் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். எதிரே நிற்பவர்கள் அவனைப் பிடித்துச் சாய்க்க வேண்டும். மாப்பிள்ளையின் அணியில் சாய்க்கிறவர்கள் சரியில்லை. போன வருடம் ஓடிவந்தவனெல்லாம், சாப்பாட்டு நேரத்துக்குச் சொந்த வீட்டில் நுழைவதுபோல் அவர்கள் நடுவே நுழைந்து போனான். இப்போது ஆட்டமில்லாத மாதங்கள். செப்டம்பருக்குள் ஓட்டையை அடைத்தாக வேண்டும்.

மாப்பிள்ளை பழைய ஆட்டங்களின் வீடியோவை அனுப்புவார். நான் போனை மூக்கருகே பிடித்துப் பார்ப்பேன். பிறகு என் குரலிலேயே பதிவு செய்து அனுப்புவேன். "இடது கோடியில நிக்கிற தடியன் சோம்பேறி. அவன மொதல்ல வூட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க." மாப்பிள்ளையிடமிருந்து உடனே பதில் வரும்: 'சூப்பர் மாமா.' படித்த பிள்ளை. அருமை தெரிந்தவர்.

நான் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டினவன். நூறடி உயரத்திலிருந்து கன்டெய்னரை, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி இறக்கினவன். கண்ணை வைத்துப் பிழைத்தவன். ஆகவே என் மனைவி பவுனம்மாள் ஆறு மாதமாக "கண்ணுல புரை" என்று சொல்லிக்கொண்டிருப்பதை நான் காதில் வாங்கவில்லை. காது நன்றாகவே இருந்தது.

"யோவ், ஞாயித்துக்கெழம எம்.கே.பி. நகர்ல கண்ணு முகாம் கீது. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான். வர்றியா?"

"என் கண்ணுக்கு இன்னா கொறச்சல்?"

"நேத்து கீழ்வூட்டு டோரதி அக்காவப் பாத்து, 'இன்னா மேஸ்திரி, சௌக்கியமா'ன்னு கேட்டியே?"

"வெயில்ல நின்னுகினு இருந்தாங்க. கண்ணு கூசிச்சு."

"நெழல்லதான் நின்னாங்க. இன்னும் அழுதுகினு கீறாங்க."

ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. ஆனால் மனதுக்குள் நான் அந்த உயரத்திலிருந்து இன்னும் இறங்கவில்லை. புரை என்று ஒத்துக்கொண்டால் அன்றைக்கு இறங்கியாக வேண்டும். இதை மனைவியிடம் சொல்ல முடியுமா? அமெரிக்காவைப் பற்றிப் பேச்சை மாற்றினேன்.

அவள் சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நாலு டம்ளரை வரிசையாகக் கவிழ்த்தேன்.

"இதான் முன்வரிசை. நடுவுல மூணு, ஓரத்துல ரெண்டு, மொத்தம் அஞ்சு சந்து. சந்துக்கு ஒருத்தன நிறுத்தி அஞ்சையும் அடைச்சிட்டா எலி கூட பூராது. எப்டி?"

பவுனம்மாள் காசிமேட்டில் வலை போட்டவர் மகள். டம்ளர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாத்தையும் அடைச்சிட்டா அவன் எதுக்குய்யா உள்ள வரான்? சுத்திகினு பூடுவான். வலைக்கு ஒரு வாய் வுடணும். வழி கீதுன்னு மீனு தானா வரணும். உள்ளாற ஆள நிறுத்து."

"இது மீன் இல்ல பவுனு. ஒவ்வொருத்தனும் நூத்தம்பது கிலோ."

"சுறா அதுக்கு மேலயே கீது. அது வர்ல?"

சிரித்தேன். அங்கே பயிற்சியாளர்கள் கம்ப்யூட்டரை வைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இவள் வலைக்கு வாய் வைக்கிறாள். 'எல்லாத்தையும் அடைக்கவும்' என்று மாப்பிள்ளைக்கு அன்றே தகவல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு டில்லிபாபு போன் செய்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். கேரத்தில் என் ஜோடி. கல்மண்டபம் மன்றத்து இறுதிப் போட்டியில் மூன்று வருடமாக இரண்டாம் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர்கள் நாங்கள்.

"மாமு, ஃபைனல இன்னிக்கே வச்சிட்டானுங்கோ. நாலு மணிக்கு. பின்சந்துல வண்டியோட நிக்கிறேன். அக்காகிட்ட மாட்டிக்காத வா."

சட்டை மாற்றினேன். கேரம் பவுடர் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். எங்களுடையது மாடி வீடு. வாசல் படிக்கட்டுக்குப் போனால், டோரதி நட்டநடுவில் வாளியோடு உட்கார்ந்து சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வராதீங்கண்ணே. கால வச்சா நேரா ஆஸ்பத்திரிதான். மேஸ்திரி சொல்றேன், கேளுங்க."

மொட்டை மாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் பக்கத்து வீட்டுப் படி. ஆனால் மாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கூழ்வத்தல். நடுவில் குடையும் குச்சியுமாகப் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள்.

"வத்தல மெரிச்சீங்கோ, உங்கள காய வச்சிடுவேன்."

மிச்சமிருந்தது பின்பக்கத்து இரும்புப் படி. அதன் கதவுக்கு எப்போதும் பூட்டு. சாவி எப்போதும் பவுனம்மாள் இடுப்பில். இன்றைக்குப் பூட்டு திறந்து தொங்கியது. அடுப்படியிலும் அவளைக் காணோம். எத்தனை பெரிய தடுப்பிலும் ஒரு சோம்பேறித் தடியன் இருப்பான் என்று மகிழ்ந்தேன். ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் அப்படியோர் ஓட்டத்தை அந்தப் படி பார்த்திருக்காது. ஆட்டோவுக்குள் பாய்ந்து விழுந்தேன். ஸீட்டில் பெரிய மூட்டை ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"யாருதுடா இந்த மூட்டை?" என்று இரண்டு கையாலும் தள்ளினேன்.

"மெதுவா தள்ளுய்யா" என்றது மூட்டை.

வண்டி கிளம்பிவிட்டது.

"டேய் டில்லி! கல்மண்டபம் அந்தப் பக்கம்டா!"

"எம்.கே.பி. நகரு இந்தப் பக்கம் மாமு."

"அப்போ ஃபைனலு?"

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது. நீ காய அடிக்கிறேன்னு என் வெரலயே அடிச்சிகினு கீற. நான்தான் அக்காகிட்ட போய் அழுதேன்."

பவுனம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். "கூப்ட்டா வரமாட்ட. இஸ்துகினு போனா தெருவே பாக்கும். அதான் ஒரு வாய் வுட்டேன்."

அவள் என் கையைப் பிடித்திருந்தாள். தப்பிக்காமலிருக்கத்தான் என்று நினைத்தேன். முகாமில் பெயர் எழுதி, மருத்துவர் பார்த்து, அடுத்த வாரம் ஆபரேஷன் என்று நாள் குறித்த பிறகும் அவள் அந்தக் கையை விடவில்லை.

கட்டுப் பிரித்த அன்று உலகத்தைக் கழுவித் துடைத்துத் திரும்ப வைத்த மாதிரி இருந்தது. டோரதிக்கும் மேஸ்திரிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன். மாப்பிள்ளையின் படம் தெரிந்தது. அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். பச்சைச் சட்டை.

வீடியோவைத் திறந்தேன். ஒரு பக்கம் பச்சை. ஒரு பக்கம் நீலம். என் இடது கோடித் தடியன் நீலத்தில் இருந்தான். அவன் சோம்பேறியாக இருப்பதுதான் எங்களுக்கு நல்லது. அவனோடு நின்ற ஒவ்வொருவனையும் நான் ஒரு கோடைகாலம் முழுக்கத் திட்டித் திருத்தியிருந்தேன்.

"இன்னா, அமெரிக்காவுக்கு இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியா?" அடுப்படியிலிருந்து குரல்.

"பவுனு, மாப்புள்ள டீமு பச்ச."

"தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல?"

"ஆறு மாசமா வேற இன்னாய்யா சொல்லிகினு இருந்தேன்?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். "மாப்புள்ள, நான்தான். எல்லாத்தையும் அடைக்க வேணாம். ஒரு வாய் வுட்டு, உள்ளாற நல்ல ஆளா நிறுத்தச் சொல்லுங்கோ. மீனு தானா வரும்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் படித்தேன். ஒவ்வோர் எழுத்தும் கண்ணாடிபோலத் தெரிந்தது: 'சூப்பர் அத்தை.'